740 கி.மீ. உயரத்திலிருந்து கடலைப் பார்க்கிறோம். பெசன்ட் நகர் மணலுக்கு அந்தத் தகவல் வருகிறதா?

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை இரவு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் எல்லா குரூப்பிலும் ஒரே வீடியோ. ஈ.சி.ஆர். கடற்கரையில் அலை உடையும் இடத்தில் எல்லாம் நீல வெளிச்சம். யாரோ எடிட் செய்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள்கூட கொஞ்ச நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 2019 ஆகஸ்ட்டிலும் இதேதான் நடந்தது. அப்போது பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்.

அந்த ராத்திரி கரையில் நின்ற எல்லோர் கையிலும் ஒரு கேமரா இருந்தது. அதே நாட்களில், தலைக்கு மேல் சுமார் 740 கி.மீ. உயரத்தில், நம் வரிப்பணத்தில் செய்த சாட்டிலைட் ஒன்றும் வங்கக் கடலின் நிறத்தை அளந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்.

கடலின் மேற்பரப்பைப் பற்றி இந்தியாவிடம் இன்று இருக்கும் தகவல் முப்பது வருஷத்துக்கு முன்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது. அது யாருக்குத் தேவையோ அவருக்கு, தேவையான நேரத்தில், அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர்கிறதா? இந்தத் தலையங்கம் கேட்பது அதைத்தான். அதற்கு முன், சாட்டிலைட் கடலில் என்னதான் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

அந்த நீல வெளிச்சம் எது?

அதன் பெயர் நாக்டிலூக்கா சின்டிலன்ஸ். ஒரே ஒரு செல் கொண்ட மிதவை உயிரி. தண்ணீர் அசைந்தால் ஒளிரும். அலை உடையும் இடத்தில் அசைவு அதிகம் என்பதால் அங்கே வெளிச்சமும் அதிகம்.

பார்க்க அழகுதான். ஆனால் அது அளவுக்கு மீறிப் பெருகினால் சிக்கல். மீன் குஞ்சுகளுக்கும் சிறு உயிர்களுக்கும் உணவாகும் டயாட்டம் பாசிகளை அது தின்றுவிடும்; தண்ணீரில் அமோனியா கூடும், ஆக்சிஜன் குறையும். 2019-ல் சென்னையில் நாம் செல்ஃபி எடுத்த சில வாரங்களிலேயே மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கேயும் காரணம் நாக்டிலூக்காதான்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவோம். கரையோரம் சில மீட்டர் அகலத்தில் இரவில் மின்னிய அந்த ஒளியை சாட்டிலைட் பார்க்கவில்லை. அது பார்ப்பது பகலில், கடல் திருப்பி அனுப்பும் சூரிய ஒளியை. பாசி கூடிய தண்ணீர் ஒரு நிறம், தெளிந்த தண்ணீர் வேறு நிறம், ஆறு கொண்டுவந்த சேறு இன்னொரு நிறம். கண்ணுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசத்தை வைத்து, எங்கே பாசி பெருகுகிறது என்று கணக்கிடலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், இப்படித்தான் பாசிப் பெருக்கத் தகவல் சேவையை நடத்துகிறது.

சாட்டிலைட் கேட்கும் நான்கு கேள்விகள்

சிம்பிளாகச் சொன்னால், கடலிடம் சாட்டிலைட்கள் கேட்பது நான்கு கேள்விகள்.

ஒன்று, உன் நிறம் என்ன? இப்போது பார்த்தது இதைத்தான். 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-54 ராக்கெட்டில் போன ஓஷன்சாட்-3 இதற்காக 13 அலைவரிசைகளில் பார்க்கும் கருவியைச் சுமக்கிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது கடலில் சுமார் 360 மீட்டர்.

இரண்டு, உனக்கு எவ்வளவு காய்கிறது? எந்தப் பொருளும் அதன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். கோயில் வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே ஒரு தெர்மாமீட்டர், அதே வேலைதான். இன்சாட்-3டி வரிசை சாட்டிலைட்கள் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்தபடி கடலின் மேல்தோல் வெப்பத்தை அளக்கின்றன. அந்த வரிசையில் கடைசியாகப் போனது 2024 பிப்ரவரி 17-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ்.

மூன்று, உன் மேல் காற்று எப்படி அடிக்கிறது? கடலில் காற்றாடி நட முடியாது. ஆனால் காற்று பட்டால் தண்ணீரில் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன சிற்றலைகள் எழும். மேலிருந்து ரேடார் அலையை அனுப்பினால், சொரசொரப்பான நீரிலிருந்து திரும்பி வருவது ஒரு மாதிரி, வழுவழுப்பான நீரிலிருந்து வருவது வேறு மாதிரி. அதிலிருந்து காற்றின் வேகம், திசை இரண்டையும் எடுத்துவிடலாம். இந்தக் கருவியின் பெயர் ஸ்கேட்டரோமீட்டர்.

எண்ணெய்க் கசிவைப் படம் எடுக்கும் ரேடார்களும் இந்தச் சூட்சுமத்தைத்தான் பயன்படுத்துகின்றன. எண்ணெய் படிந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும். ரேடார் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் மெரினாவைத் தாண்டித் தெற்கே வந்தது நினைவிருக்கலாம். வாளியோடு போய் அள்ளிய தன்னார்வலர்களில் நம் வாசகர்கள் சிலரும் இருந்திருப்பார்கள்.

நான்கு, உன் மட்டம் எவ்வளவு? ஆல்டிமீட்டர் என்ற கருவி நேர்கீழே ரேடார் துடிப்பை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும். சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து போய் வர ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குதான் ஆகும். அதை மிக நுட்பமாக அளந்தால் கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லலாம். 2013 பிப்ரவரி 25-ல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரல் இந்த வகை. இப்படிப்பட்ட கருவிகளை வைத்துத்தான் 1993 முதல் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 10 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இது சும்மா வந்துவிடவில்லை

கடலுக்கென்றே அமெரிக்கா 1978-ல் அனுப்பிய சீசாட், மூன்றரை மாதத்தில் செயலிழந்தது. அடுத்த வருஷமே, 1979 ஜூன் 7-ல், சோவியத் ராக்கெட்டில் போன நம் பாஸ்கரா-1-ல் கடல்பரப்பையும் காற்றின் ஈரத்தையும் அளக்கும் மைக்ரோவேவ் கருவி ஒன்று இருந்தது. அப்போதே நாம் ஆரம்பித்துவிட்டோம். 1999 மே 26-ல் ஓஷன்சாட்-1, 2009 செப்டம்பர் 23-ல் ஓஷன்சாட்-2 என்று அந்த வழி நீண்டது.

நடுவில் ஒரு பாடமும் கிடைத்தது. ஓஷன்சாட்-2-ன் காற்று அளக்கும் கருவி 2014 பிப்ரவரியில் நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்ப ஸ்கேட்சாட்-1 போனது 2016 செப்டம்பர் 26-ல். இடையில் இரண்டரை வருஷம் நம்மிடம் சொந்தமாகக் காற்றளவி இல்லை. வெளிநாட்டு சாட்டிலைட்களை நம்பி ஓட்டினோம். மாற்று சாட்டிலைட் தயாராக இல்லாவிட்டால் கடல் காத்திருக்காது. ராக்கெட் கிளம்பும்போது மாடியில் நின்று கைதட்டும் நாம், ஒரு கருவி மௌனமாகும்போதும் கவனிக்க வேண்டும்.

இந்தத் தகவல் எப்படி மீனாகிறது?

சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் பெரும்பாலும் சத்து மேலே வரும். சத்து வந்தால் பாசி. பாசி இருந்தால் சிறு மீன். சிறு மீன் இருந்தால் அதைத் தேடிப் பெரிய மீன். ஆக, வெப்பப் படத்தையும் நிறப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மீன் எங்கே கூட வாய்ப்பு என்று கணிக்கலாம். மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி என்று இன்காய்ஸ் தமிழ் உட்பட பல மொழிகளில் அறிவிப்பது இதைத்தான். எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை ஆழத்தில் என்று அதில் இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் மோசமாக இருக்கும் நாட்களிலும் இந்த அறிவிப்பு வராது.

தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப், இதையும் அலை, காற்று பற்றிய முன்னறிவிப்பையும் மீனவரின் போனுக்குக் கொண்டுபோகிறது. தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சம். டீசல்தான் இன்று ஒரு படகின் லாபத்தையும் நஷ்டத்தையும் முடிவு செய்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி லாபம் கிடைக்காது. வாய்ப்புள்ள பகுதி 40 கி.மீ. தள்ளி இருந்தால் பெரிய விசைப்படகு போய்விடும். நொச்சிக்குப்பத்திலோ ஊரூர் குப்பத்திலோ விடிகாலையில் ஃபைபர் போட்டை இறக்கி, மதியத்துக்குள் கரை திரும்புகிறவருக்கு அந்தத் தகவலால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு: காலை மூன்று மணிக்கு, இந்தக் கரையில், அலை எப்படி இருக்கும்?

புயலுக்கு முன்னால் கடல் சொல்வது

சென்னைக்காரர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி. புயல் உருவாகக் கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் தொடக்கத்தில் வங்கக் கடல் சாதாரணமாகவே அதைத் தாண்டி இருக்கும். மேல்தோல் சூடு மட்டும் இருந்தால் போதாது. காற்று கலக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துவிட்டால் புயலுக்குத் தீனி குறையும். ஆழம் வரை சூடாக இருந்தால் புயல் தின்றுகொண்டே போகும்.

ஆழத்தை சாட்டிலைட்டால் பார்க்க முடியாதே, எப்படித் தெரியும்? இங்கே ஆல்டிமீட்டர் கைகொடுக்கிறது. சூடான நீர் விரியும். விரிந்தால் அந்த இடத்தில் கடல்மட்டம் கொஞ்சம் மேடாக இருக்கும். அந்த மேட்டை அளந்தால் அடியில் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கடல்மட்டம் ஊருக்குள்ளும் பேசும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி கொட்டித் தீர்த்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எப்படி இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. அடையாறும் கூவமும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் கடல்தான். கடல் பொங்கி நின்றால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் தயங்கும். உடைந்த பாலத்தருகே கடல் எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பதும் தி.நகரில் தெருத் தண்ணீர் எப்போது வடியும் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

சாட்டிலைட்டுக்குத் தெரியாதது என்ன?

நிறைய இருக்கிறது. மேகம் மூடினால் நிறமும் தெரியாது, அகச்சிவப்பு வெப்பமும் தெரியாது. நமக்கு அதிகம் தேவைப்படும் நவம்பர், டிசம்பரில்தான் மேகம் அதிகம். மேகத்தைத் துளைக்கும் மைக்ரோவேவ் கருவிகள் உண்டு; ஆனால் அவற்றின் ஒரு புள்ளியே பல கிலோமீட்டர் அகலம். கரைக்கு அருகே வந்தால் நிலமும் நீரும் ஒரே புள்ளியில் கலந்து கணக்கு குழம்பும். அதாவது, மக்கள் அதிகம் புழங்கும் அந்தக் கடைசி சில கிலோமீட்டரில்தான் சாட்டிலைட்டின் பார்வை மங்கல்.

அதனால்தான் கடலிலேயே இறங்கி அளக்க வேண்டியிருக்கிறது. வேளச்சேரி - தாம்பரம் மெயின் ரோட்டில், பள்ளிக்கரணையில், தினமும் ஐ.டி. கம்பெனி பஸ்கள் கடந்துபோகும் ஒரு வளாகம் இருக்கிறது. அதுதான் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்டு மிதக்கும் மிதவைகளை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள். காற்று, அலை, வெப்பம், ஆழத்தில் நீரின் சூடு, உப்பு என்று அந்த மிதவைகள் அளந்ததெல்லாம் சாட்டிலைட் வழியாகப் பள்ளிக்கரணைக்கு வரும். மேலிருந்து எடுத்த அளவு சரியா என்று இவற்றோடு ஒப்பிட்டுத்தான் திருத்துகிறார்கள். இந்த மிதவைகளில் படகைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் பல வருஷத் தலைவலி. ஒரு மிதவை மௌனமானால் அடுத்த புயலில் ஒரு கண் குறைவு.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் தொழில் பார்க்கும் மீனவர்களிடம் காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்று தனித்தனிப் பெயர் உண்டு. நீரோட்டத்துக்கும் உண்டு: வடக்கிலிருந்து வந்தால் வன்னி, தெற்கிலிருந்து வந்தால் தெண்டி. நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் கோடையில் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் திசை மாறி ஓடுவதை ஆல்டிமீட்டர் தரவுகள் அழகாகக் காட்டின. அந்த மாற்றத்துக்குக் குப்பங்களில் ஏற்கெனவே பெயர் இருந்தது. சாட்டிலைட் மங்கும் அந்தக் கடைசி சில கிலோமீட்டரைத் தினமும் பார்ப்பவர்கள் இவர்கள். ஆனாலும் முன்னறிவிப்பு ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. அங்கிருந்து இங்கே அறிவிப்பு வரும். இங்கிருந்து அங்கே, நீங்கள் சொன்னது இன்று சரி, நேற்று தப்பு என்ற பதில் அன்றாடம் போவதற்கு வழி பலமாக இல்லை.

ஒரே நாளில் இரண்டு கதைகள்

2004 டிசம்பர் 26. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா அருகே நிலநடுக்கம். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற ஆல்டிமீட்டர் சாட்டிலைட் தற்செயலாக வங்கக் கடலின் மேல் போனது. சுனாமி அலையை அது பதிவு செய்தது. நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 செ.மீ. தான். உலகிலேயே அரிதான பதிவு அது. ஆனால் அந்தத் தரவைப் பிரித்துப் பார்க்கவே பல மணி நேரம் ஆனது. அதற்குள் மெரினாவும் பட்டினப்பாக்கமும் நாகப்பட்டினமும் முடிந்துபோயிருந்தன.

அதே நாள், அதே காலை, புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையம் இருந்தது. அங்கே ஒரு லவுட்ஸ்பீக்கரும் இருந்தது. எல்லோரும் வெளியேறுங்கள் என்று அதில் அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது.

இந்த லவுட்ஸ்பீக்கர் திடீரென்று முளைத்ததில்லை. பக்கத்து வீராம்பட்டினத்தில் 1990-களின் இறுதியிலேயே, அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் மாற்றி, தினமும் மைக்கில் வாசித்தார்கள். கேட்டுப் பழகிய குரல், நம்பிப் பழகிய குரல். ஆபத்து வந்த அன்று அந்தப் பழக்கம்தான் வேலை செய்தது. கோடிக்கணக்கில் செலவழித்த கருவி ஒரு பக்கம், ஒரு போன் காலும் ஒரு மைக்கும் இன்னொரு பக்கம். முதலாவது பார்த்தது, இரண்டாவது சொன்னது.

அதன்பிறகு நாம் சும்மா இருக்கவில்லை. 2007-ல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் ஒரே நாளில் வலுத்தபோது, பல நாள் தங்கலுக்குப் போயிருந்த படகுகளுக்குச் சொல்ல வழியே இல்லை. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதற்குப் பிறகுதான், 2019-ல், சாட்டிலைட் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே கொண்டுபோகும் ஜெமினி கருவி வந்தது. 2024 ஆகஸ்ட் 30-ல் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் உயிர்கள் போன பிறகே கடைசிக் கண்ணியைக் கோக்கிறோம்.

கரையில் நிற்பவருக்கு யார் சொல்வது?

படகில் இருப்பவருக்காவது இப்போது கருவி வருகிறது. கரையில் நிற்பவருக்கு?

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திருடனைப் போல உள்ளே வரும். அந்த அலைகள் எங்கே புறப்பட்டன, எப்போது வந்து சேரும் என்பதை சாட்டிலைட் அளவுகளையும் கணினி மாதிரிகளையும் வைத்து இப்போது முன்கூட்டியே சொல்ல முடிகிறது. சொல்கிறார்கள்.

2024 மே 6-ம் தேதிக்கும் சொன்னார்கள். கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. அன்று காலை கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த 5 இளைஞர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நம் வாசகர்களின் வயதுதான் அவர்களுக்கும். எச்சரிக்கை இருந்தும் ஏன் போனார்கள் என்று கமெண்ட் போடுவது ஈஸி. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடற்கரைக்குப் போகும் ஒரு சாதாரண ஆளுக்கு அந்த எச்சரிக்கை எந்த வழியாக, எந்த வார்த்தையில் வந்து சேரும் என்று நாம் ஏற்பாடு செய்திருக்கிறோம்?

கள்ளக்கடல் கன்னியாகுமரிப் பக்கம்தான் அதிகம் தாக்கும். ஆனால் மெரினாவிலும் எலியட்ஸிலும் அலை இழுத்துப்போகும் செய்தி வராத வருஷம் இல்லை. எலியட்ஸ் பீச்சுக்கு நான் போகும்போதெல்லாம் ஆபத்து, குளிக்காதீர்கள் என்ற போர்டைப் பார்க்கிறேன். அமைதியான பிப்ரவரியிலும் அதே வாசகம், புயல் சின்னம் நிற்கும் டிசம்பரிலும் அதே வாசகம். தினமும் ஒரே மாதிரி கத்தும் போர்டை யாரும் படிப்பதில்லை.

மீனவர்களுக்கான எச்சரிக்கையிலும் இதே நோய். வரும் நான்கு நாட்களுக்குக் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மாவட்டக் கணக்கில் ஒட்டுமொத்தமாக அறிவிக்கிறார்கள். போகாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. போகாமல் இருந்து, கடல் அமைதியாகவே இருந்துவிட்டால் அடுத்த எச்சரிக்கைக்கு மதிப்பு குறையும். எச்சரிக்காமல் இருப்பதைவிட அதிகமாக எச்சரிப்பது மேல் என்று அதிகாரிகள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பிக்கையும் ஒரு கருவிதான். அதுவும் பழுதாகும்.

நாம் கேட்பது என்ன?

ஊரைக் கொஞ்சம் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை மையம். பள்ளிக்கரணையில் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், அதே வளாகத்தில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும். தரமணியில் சுவாமிநாதன் நிறுவனம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடல் பொறியியல் துறை. கடலைப் பற்றித் தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஒரே ஊரில் இருக்கும் வாய்ப்பு இந்தியாவில் வேறு எந்த நகரத்துக்கு இருக்கிறது? ஆகவே சோதனையைச் சென்னையிலேயே தொடங்கலாம்.

முதலில், மெரினா, பட்டினப்பாக்கம், எலியட்ஸ், திருவான்மியூர் என நான்கு இடங்களில் அன்றன்றைக்கு மாறும் கடல் நிலைப் பலகை வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. கீழே தமிழில் ஒரே ஒரு வரி: இன்று முழங்கால் வரை, அல்லது இன்று மணலோடு நில்லுங்கள். 1.8 மீட்டர் என்று எழுதினால் அது தகவல். மணலோடு நில்லுங்கள் என்று எழுதினால்தான் எச்சரிக்கை.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட பகுதியில் இருக்கும் போன்களுக்கு மட்டும் பேரிடர்ச் செய்தி அனுப்பும் வசதி நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மழைக்கு அது வருகிறது. கடல் சிவப்பாகும் நாளில் கடற்கரையில் இருக்கும் போன்களுக்கும் அது வர வேண்டும்.

மூன்றாவது, குப்பங்களுக்கு நான்கு நாள் தடையைவிடக் கரைவாரியாக, நேரவாரியாக முன்னறிவிப்பு தேவை. அதற்குக் கரையோரத்தில் மிதவைகள் கூட வேண்டும். அதோடு, தினமும் கடலைப் பார்த்துச் சொல்லும் மீனவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அவர்கள் பதிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாட்டிலைட் மங்கும் இடத்தில் அவர்களின் கண்தான் கருவி. கருவிக்குப் பணம் கொடுக்கும் அரசு கண்ணுக்கும் கொடுக்கலாம்.

நான்காவது, ஒரு சாட்டிலைட் ஓயும் முன்பே அடுத்தது மேலே இருக்க வேண்டும். 2014 முதல் 2016 வரையிலான இடைவெளி மறுபடி வரக் கூடாது.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு ராக்கெட்டின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தேவைப்படுவது, கடைசி நூறு மீட்டர் யார் பொறுப்பு என்று ஒரு துறை கையெழுத்துப் போடுவது.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்? இன்காய்ஸின் சமுத்ரா ஆப்பையும் தமிழக அரசின் டி.என். அலர்ட் ஆப்பையும் போனில் போட்டு வையுங்கள். பீச்சுக்குக் கிளம்பும் முன் மழை வருமா என்று பார்ப்பதுபோல அலை எப்படி என்றும் ஒரு தடவை பாருங்கள். அடுத்த முறை அலை நீலமாக மின்னினால் தாராளமாகப் போங்கள், வீடியோ எடுங்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம், இன்னைக்கு தண்ணி எப்படிண்ணே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வன்னியா தெண்டியா என்று அவர் சொல்வார். 740 கி.மீ. மேலே இருக்கும் சாட்டிலைட்டும் அதைத்தான் அளக்கப் பார்க்கிறது.